ஹிராவிலிருந்து தொடங்குங்கள்: பிள்ளைகளுக்கு மலக்கு, வேதம், வஹீ பாடம் நடத்தும் முறை

மக்தபில், அதாவது மார்க்கம் ஓதும் பள்ளியில், ஓதுகிற பிள்ளையிடம் நம் நம்பிக்கையை விரித்துச் சொல்லும் வாக்கியமான "ஈமான் முஃபஸ்ஸல் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். "ஆமன்து பில்லாஹி வ மலாஇகதிஹி வ குதுபிஹி வ ருஸுலிஹி" என்று ஆரம்பித்தால் கடைசி வரைக்கும் மூச்சு விடாது. நடுவில் நிறுத்தி, "மலாஇகதிஹி என்றால் என்னம்மா?" என்று கேளுங்கள். திரும்பவும் ஆமன்து பில்லாஹியிலிருந்து ஓதத் தொடங்கிவிடும். பிள்ளை மேல் குறை இல்லை, நாம் சொல்லிக் கொடுத்த லட்சணம் அப்படி.

வீட்டில் வைத்து ஓதிக் கொடுக்கும் உம்மா வாப்பாமார்களுக்கும், புதிதாக மக்தப் பொறுப்புக்கு வந்திருக்கும் இளம் ஆலிம்களுக்கும் (மார்க்க அறிஞர்களுக்கும்) சேர்த்தே இதை எழுதுகிறேன். மகரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே நமக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் முடித்து வருகிற பிள்ளைகளுக்கு உட்கார்ந்த உடனே கொட்டாவி வரும். ஒன்றாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒரே பாயில்தான் உட்கார வேண்டும். இதற்குள் ஈமானின் (நம்பிக்கையின்) ஆறு விஷயங்களில் இரண்டாவதான மலக்குகளையும் (வானவர்களையும்) மூன்றாவதான வேதங்களையும் மனசில் பதிய வைக்க வேண்டும்.

வழக்கமான முறை, முதலில் மலக்குகளின் பெயர், பிறகு நான்கு வேதங்களின் பெயர், யாருக்கு எது இறங்கியது என்று ஒப்பிக்க வைப்பது. பரீட்சைக்கு அது போதும். ஆனால் மலக்கை ஏன் நம்ப வேண்டும், வேதம் எப்படி வந்து சேர்ந்தது என்று அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் பிடிபடாது. அவை தனித்தனிப் பாடமாகவே தலையில் தங்கிவிடும். ஈமான் முஃபஸ்ஸலின் வரிசையை ஒருமுறை கவனியுங்கள்: அல்லாஹ், மலக்குகள், வேதங்கள், ரசூல்மார்கள் (தூதர்கள்). வஹீ (இறைச்செய்தி) இறங்கி வந்த வழியும் அதே வரிசைதான். அல்லாஹ் அனுப்பினான், மலக்கு கொண்டுவந்தார், வந்தது வேதம், பெற்றுக்கொண்டவர் ரசூல். அதனால் மூன்று பாடத்தையும் நான் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த இடம் ஹிரா குகை.

முதல் பாடம்: ஒரு குகை, ஐந்து ஆயத்து (வசனம்)

மக்காவுக்கு வெளியே ஜபலுந் நூர் மலை, அதன் மேலே ஹிரா குகை. நாயகம் (ஸல்) அவர்களுக்கு அப்போது வயது 40, கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கில் 610. அதற்கு முன்பே அவர்கள் கண்ட கனவுகள் விடியல் வெளிச்சம்போலத் தெளிவாகப் பலித்து வந்தன. தனிமை பிடித்துப் போனது. பல இரவுகள் அந்தக் குகையில் தங்கி வணங்குவார்கள். இங்கே ஒரு பிள்ளை கட்டாயம், "சாப்பாட்டுக்கு என்ன செஞ்சாங்க ஹஜ்ரத்?" என்று கேட்கும். சலித்துக்கொள்ளாதீர்கள். நாயகத்தின் துணைவியரில் ஒருவரான ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸிலேயே (நபிமொழி அறிவிப்பிலேயே) பதில் இருக்கிறது: கட்டுச்சோறு கொண்டு போவார்கள், தீர்ந்ததும் மனைவி கதீஜா (ரலி) அவர்களிடம் வந்து மறுபடி எடுத்துப் போவார்கள். ஹதீஸ் தொகுப்பான புகாரியின் முதல் பக்கங்களிலேயே இந்த ஹதீஸ் முழுமையாக வருகிறது. பாடம் நடத்தும் முன் அதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டுப் போங்கள். கேட்ட பயான்களை (மார்க்க உரைகளை) நம்பிக் கதை சொல்லாதீர்கள், அவற்றில் இல்லாததெல்லாம் சேர்ந்திருக்கும்.

மலக்கு ஜிப்ரீல் (அலை) வந்து "ஓதுவீராக" என்றார்கள். "எனக்கு ஓதத் தெரியாதே" என்றார்கள் நாயகம். ஜிப்ரீல் அவர்களை இறுகக் கட்டி அணைத்து விட்டார்கள். மூன்று முறை இப்படி. பிறகுதான் "இக்ரஃ பிஸ்மி ரப்பிக" என்று தொடங்கும் ஐந்து ஆயத்துகள். அந்த ஆயத்துகளோடு தொடங்கும் அலக் ஸூரா (அத்தியாயம்) பிள்ளைகளுக்கு மனப்பாடம்தான். அந்த ஐந்தை மட்டும் அவர்கள் வாயாலேயே ஓத வையுங்கள், ஆறாவதுக்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். "முதல் நாள் இறங்கியது இவ்வளவுதான்" என்று சொன்னால் பெரிய பிள்ளைகள் முகத்தில் ஒரு ஆச்சரியம் வரும். 19 ஆயத்துள்ள ஸூரா ஒரே தடவையில் வரவில்லையா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

நடித்துக் காட்டாதீர்கள். ஒரு பையனை ஜிப்ரீலாக நிறுத்துவது, குரலை மாற்றிப் பேசுவது, இதெல்லாம் கூடாது. ஆண்டு விழா மேடைக்கு ஆசைப்பட்டுக்கூடச் செய்யாதீர்கள்.

பிறகு நாயகம் வீட்டுக்கு வருகிறார்கள். உடம்பு நடுங்குகிறது. "போர்த்துங்கள், என்னைப் போர்த்துங்கள்" என்கிறார்கள். இந்த நடுக்கத்தைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். வஹீ என்பது ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியது அல்ல, வெளியிலிருந்து வந்து அவரையே உலுக்கிய விஷயம் என்பதைப் பிள்ளை இந்த இடத்தில்தான் உணர்கிறது. கதீஜா (ரலி) சொன்ன ஆறுதல்: அல்லாஹ் உங்களை ஒருபோதும் கைவிட மாட்டான், நீங்கள் உறவைப் பேணுகிறீர்கள், பிறர் சுமையைத் தாங்குகிறீர்கள், இல்லாதவருக்குக் கொடுக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள். பெண் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "முதன்முதலில் ஈமான் கொண்டது யார்?" என்று கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கதீஜா நாயகி தன் உறவினர் வரகா இப்னு நவ்ஃபலிடம் கூட்டிப் போகிறார்கள். கண்பார்வை போன முதியவர், கிறிஸ்தவராக இருந்தவர், இன்ஜீலை (ஈஸா நபியின் வேதத்தை) எழுதத் தெரிந்தவர். நடந்ததைக் கேட்டதும், "மூஸாவிடம் அல்லாஹ் அனுப்பிய நாமூஸ் இவர்தான்" என்றார். நாமூஸ் என்று அவர் சொன்னது ஜிப்ரீலைத்தான்.

இங்கே நிறுத்துங்கள். தினசரி ஓதும் அந்த வாக்கியத்தில் எதெல்லாம் இந்தக் கதைக்குள் வந்துவிட்டது என்று கேளுங்கள். மலக்கு வந்தார், வேதத்தின் முதல் ஐந்து ஆயத்து வந்தது, ரசூல் வந்தார். வரகா வாயிலாக மூஸா நபியும் பழைய வேதங்களும்கூட வந்துவிட்டன. பெயர்ப் பட்டியல் இல்லாமலே அடுத்த பாடங்களுக்கு வாசல் திறந்துவிட்டது.

மலக்குகள்: எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது

ஹிராவுக்கு அடுத்து ஹதீஸ் ஜிப்ரீல். முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் உமர் (ரலி) அறிவிப்பது. பளிச்சென்ற வெள்ளை உடை, கருகருவென்ற தலைமுடி, பயணம் செய்து வந்த அடையாளம் துளியும் இல்லை, ஆனால் அங்கே இருந்த ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. வந்தவர் நாயகத்தின் முழங்காலோடு முழங்கால் சேர்த்து உட்கார்ந்து, கேள்வி கேட்கிறார், பதில் சொன்னதும் "உண்மை சொன்னீர்" என்கிறார். கேட்டவரே சரி பார்க்கிறாரே என்று ஸஹாபிகளுக்கு (நபித்தோழர்களுக்கு) வியப்பு. ஈமான் என்றால் என்ன என்ற கேள்விக்கு வந்த பதில்தான் நம் பிள்ளைகள் ஒப்பிக்கும் ஆறும். அவர் போன பிறகு, "அது ஜிப்ரீல், உங்கள் மார்க்கத்தை உங்களுக்குக் கற்றுத்தர வந்தார்" என்றார்கள் நாயகம். துப்பறியும் கதை மாதிரி இதைச் சொல்லலாம். வெள்ளை உடை, தூசி படியாத துணி என்று ஒவ்வொரு தடயமாகக் கொடுத்து, யார் என்பதைக் கடைசி வரை சொல்லாதீர்கள்.

இனிப் படம். பேப்பரும் கலர் பென்சிலும் கையில் கிடைத்தால் பிள்ளைகள் மலக்கு என்று வரைவது வெள்ளை கவுன் போட்டு, தலைக்கு மேலே வளையம் மிதக்கிற ஒரு பெண்ணைத்தான். வாழ்த்து அட்டையிலும் கார்ட்டூனிலும் பார்த்தது. திட்ட வேண்டாம். பேப்பரை வாங்கி மடித்து வைத்துவிட்டு, குர்ஆன் என்ன சொல்கிறது என்று பேசுங்கள். மக்கா முஷ்ரிக்குகளும் (இணைவைத்தவர்களும்) மலக்குகளைப் பெண்கள் என்றும் அல்லாஹ்வின் மகள்கள் என்றும்தான் சொன்னார்கள். "அவர்கள் படைக்கப்பட்டதை இவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்களா?" என்று ஸுக்ருஃப் ஸூராவில் அல்லாஹ் கேட்கிறான். இந்த ஒரு கேள்வி போதும், பிள்ளைகள் சிரித்துவிடும், புரிந்தும் போகும்.

மலக்குகள் ஒளியால் படைக்கப்பட்டவர்கள், இது ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். ஃபாதிர் ஸூராவின் முதல் ஆயத்தில் இரண்டு, மூன்று, நான்கு சிறகுகள் உடையவர்கள் என்று வருகிறது. ஜிப்ரீலை 600 சிறகுகளோடு நாயகம் கண்டதாக இப்னு மஸ்ஊத் (ரலி) சொல்கிறார்கள். அந்தச் சொந்த உருவத்தில் அவர்கள் கண்டது இரண்டே முறைதான். "எப்படி இருக்கும் ஹஜ்ரத், பறவைச் சிறகு மாதிரியா?" என்று கேட்டால், "அல்லாஹு அஃலம், நமக்குச் சொல்லித் தரப்படவில்லை" என்று முடியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று ஹஜ்ரத் சொல்வதைக் கேட்பதும் பிள்ளைக்கு ஒரு பாடம்தான்.

மலக்குகள் சாப்பிட மாட்டார்கள் என்று வாயால் சொல்லிவிட்டுப் போவதைவிட, இப்ராஹீம் நபியின் வீட்டுக்கு விருந்தினர்கள் வந்த கதையைச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத ஆட்கள் வந்து ஸலாம் சொன்னார்கள். அவர் யார் எவர் என்றுகூட விசாரிக்காமல் கன்றைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். ஒரு கையும் சாப்பாட்டுப் பக்கம் நீளவில்லை. அவருக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. ஹூத் ஸூராவில் இருக்கிறது. பிரியாணியை வைத்தும் கை வைக்காத விருந்தாளியைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே விஷயம் விளங்கிவிடும்.

பெயர்களில் கொஞ்சம் கறாராக இருங்கள். ஜிப்ரீல், மீகாயீல் இரண்டும் பகரா ஸூராவில் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஹாரூத், மாரூத்தும் அங்கேதான். நரகக் காவலர் மாலிக், ஸுக்ருஃபில். இஸ்ராஃபீல் பெயர், நாயகம் இரவுத் தொழுகையின் தொடக்கத்தில் ஓதிய துஆவில் வருகிறது. உயிர் வாங்குபவரைக் குர்ஆன் "மலக்குல் மவ்த்" என்றுதான் சொல்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் இஸ்ராயீல் என்ற பெயர் குர்ஆனிலும் இல்லை, ஸஹீஹான (ஆதாரபூர்வமான) ஹதீஸிலும் இல்லை. "அப்போ நன்னி சொன்னது தப்பா ஹஜ்ரத்?" என்று கேட்கும் பிள்ளைக்கு நான் சொல்வது: நன்னியோடு சண்டை போடாதே, நீ மட்டும் மலக்குல் மவ்த் என்று சொல்லிப் பழகு.

பிள்ளையின் அன்றாடத்தைத் தொடுகிற மலக்குகளை முதலில் சொல்லுங்கள். நன்மை தீமைகளை எழுதும் கிராமன் காதிபீன். முன்னாலும் பின்னாலும் நின்று காவல் காப்பவர்கள், ரஃது ஸூராவில். அல்லாஹ்வின் அர்ஷைச் (அரியணையைச்) சுமந்துகொண்டு முஃமின்களுக்காக (நம்பிக்கையாளர்களுக்காக) பாவமன்னிப்புக் கேட்பவர்கள், ஃகாஃபிர் ஸூராவில். சுபுஹிலும் அஸரிலும் இரவு மலக்குகளும் பகல் மலக்குகளும் சந்தித்துக்கொள்கிறார்கள். "என் அடியார்களை எந்த நிலையில் விட்டு வந்தீர்கள்?" என்று எல்லாம் தெரிந்த அல்லாஹ்வே கேட்கிறான். "தொழுதுகொண்டிருக்கும்போது போனோம், தொழுதுகொண்டிருக்கும்போதே விட்டு வந்தோம்" என்கிறார்கள். அஸருக்குப் பள்ளிவாசலுக்கு வா என்று பிரம்பெடுப்பதைவிட இந்த ஹதீஸ் அதிகம் வேலை செய்கிறது. ஜும்ஆ அன்று பள்ளி வாசலில் நின்று முதலில் வருபவர், அடுத்து வருபவர் என்று எழுதும் மலக்குகள், இமாம் மிம்பரில் (உரைமேடையில்) அமர்ந்ததும் ஏட்டைச் சுருட்டிவிட்டு உரையைக் கேட்க உட்கார்ந்துவிடுகிறார்கள் என்ற ஹதீஸும் அப்படியே. அதைச் சொன்ன வாரத்தில் முதல் ஸஃப்பில் (வரிசையில்) சின்னப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இடப் பிரச்சினை வரும், பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வெங்காயத்தையும் மறந்துவிடாதீர்கள். தட்டுக்கடையில் ஆம்லெட்டும் பச்சை வெங்காயமும் கடித்துவிட்டு நேராக மக்தபுக்கு வரும் பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு. பூண்டும் வெங்காயமும் தின்றுவிட்டுப் பள்ளிக்கு வர வேண்டாம், மனிதர்களுக்குத் தொல்லை தருவது மலக்குகளுக்கும் தொல்லை தரும் என்று முஸ்லிம் தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது. சமைத்து வாடை போய்விட்டால் பரவாயில்லை. மலக்கு என்பது வானத்தில் எங்கோ இருக்கும் விஷயம் அல்ல, இந்தப் பாயில் நம் பக்கத்தில் இருப்பது என்று பிள்ளை அப்போது திரும்பிப் பார்க்கும்.

கப்ரில் கேள்வி கேட்கும் முன்கர் நகீர், நரகத்தின் 19 காவலர்கள், மாலிக், இவர்களைச் சின்னப் பிள்ளைகளிடம் முதல் நாளே கொண்டு வராதீர்கள். இரவில் பயந்து அழுகிறது என்று மறுநாள் உம்மா வந்து நிற்பார்கள். காவல் மலக்கை முதலில் கொடுங்கள், கணக்குக் கேட்கும் மலக்கு பத்து வயதுக்கு மேல் வரட்டும்.

இப்லீஸ் (ஷைத்தான்) மலக்குதானே என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். கஹ்ஃப் ஸூராவின் 50ஆவது ஆயத்து, அவன் ஜின் இனத்தைச் சேர்ந்தவன் என்கிறது. மலக்குகள் அல்லாஹ்வின் கட்டளையை மீறுவதில்லை என்று தஹ்ரீமில் வருகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் போதும். பழைய தஃப்ஸீர்களில் (குர்ஆன் விரிவுரைகளில்) வேறு கருத்தும் உண்டு, அது ஆலிம் வகுப்புக்கு. கடைசியாக ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: மலக்குகளை நம்புகிறோம், நேசிக்கிறோம், ஆனால் துஆ கேட்பது அல்லாஹ்விடம் மட்டும்.

வஹீ எப்படி வந்தது

ஷூரா ஸூராவின் 51ஆவது ஆயத்து மூன்று வழிகளைச் சொல்கிறது: உள்ளத்தில் போடுவது, திரைக்கு அப்பாலிருந்து பேசுவது, தூதரை அனுப்புவது. மூஸா நபியோடு தூர் மலையில் பேசியது திரைக்கு அப்பாலிருந்து. ஹிராவில் நடந்தது மூன்றாவது வழி. வரையறை இத்தோடு போதும். மற்றதைக் கண்ணால் கண்டவர்களின் வாயால் சொல்லுங்கள்.

ஹாரிஸ் இப்னு ஹிஷாம் (ரலி) நாயகத்திடமே கேட்டார்கள், உங்களுக்கு வஹீ எப்படி வருகிறது என்று. சில சமயம் மணியோசை போல வரும், அதுதான் எனக்கு மிகக் கடினம். சில சமயம் மலக்கு மனித உருவில் வந்து பேசுவார் என்றார்கள். கடுங்குளிர் நாளில் வஹீ வந்து முடிந்தபோது நெற்றியிலிருந்து வியர்வை வழிந்ததை ஆயிஷா (ரலி) பார்த்திருக்கிறார்கள்.

என் வகுப்பில் எப்போதும் அமைதியைக் கொண்டுவருவது ஸைத் இப்னு ஸாபித் (ரலி) சொன்ன சம்பவம். அவர்கள் வஹீயை எழுதுபவர்களில் ஒருவர். நாயகம் சொல்லச் சொல்ல, வீட்டில் உட்கார்ந்திருக்கும் முஃமின்களும் அல்லாஹ்வின் பாதையில் போராடுபவர்களும் சமமாக மாட்டார்கள் என்ற நிஸா ஸூரா ஆயத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கண்பார்வை இல்லாத ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்து, "யா ரசூலல்லாஹ், என்னால் முடிந்தால் நானும் போவேனே" என்கிறார். அந்த நிமிஷம் வஹீ வந்துவிட்டது. நாயகத்தின் தொடை ஸைதின் தொடை மேல் இருந்தது. அது அப்படிக் கனத்தது, என் தொடை நொறுங்கிவிடுமோ என்று பயந்தேன் என்கிறார்கள் ஸைத். கனம் இறங்கியதும் வந்திருந்தது "இயலாதவர்களைத் தவிர" என்ற சில சொற்கள் மட்டும். ஏற்கனவே எழுதிய ஆயத்தின் நடுவில் அது சேர்ந்தது.

சொல்லி முடித்ததும் முஸ்ஹஃபைத் (குர்ஆன் பிரதியைத்) திறந்து நிஸா 95இல் அந்த இடத்தை விரலால் காட்டுங்கள். "ஃகைரு உலிழ் ழரரி." ஒரு பார்வையற்றவரின் ஏக்கத்துக்கு வந்த பதில் இன்றும் அச்சில் இருக்கிறது. அலக் ஸூரா ஏன் ஒரே தடவையில் வரவில்லை என்று அன்றைக்கு வைத்த கேள்விக்கும் இங்கேதான் பதில்: ஏறக்குறைய 23 வருஷமாக, நடப்பதற்கு ஏற்ப, கேட்டதற்குப் பதிலாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. உள்ளத்தை உறுதிப்படுத்தத்தான் இப்படி என்று ஃபுர்கான் ஸூராவிலேயே காரணம் இருக்கிறது. முதல் நாளே மதுவை விடு என்று வந்திருந்தால் மக்கள் விட மாட்டோம் என்றிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னதையும் பெரிய பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லலாம்.

ஒரு பையன் கேட்டான், "அப்போ ஜிப்ரீல் (அலை) கூரியர்காரர் மாதிரியா ஹஜ்ரத்?" நல்ல கேள்வி, பாதி சரி. கூரியர்காரருக்குப் பார்சலில் இருப்பது தெரியாது, கொடுத்ததும் கையெழுத்து வாங்கிப் போய்விடுவார். ஜிப்ரீல் அப்படி இல்லை. "வலிமை மிக்கவர் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்" என்று நஜ்ம் ஸூரா சொல்கிறது. ஒவ்வொரு ரமலானிலும் வந்து நாயகத்தோடு குர்ஆனைத் திரும்ப ஓதிச் சரி பார்த்திருக்கிறார்கள், நாயகம் மறைந்த வருஷத்து ரமலானில் இரண்டு முறை. இதைக் கேட்ட பிறகு ரமலானில் நாம் ஏன் குர்ஆனை முழுதாக ஓதுகிறோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேனீ. நஹ்ல் ஸூராவில் அல்லாஹ் தேனீக்கும் வஹீ அறிவித்ததாக வருகிறது, கஸஸில் மூஸாவின் தாயாருக்கும். கூர்மையான பிள்ளை "தேனீயும் நபியா?" என்று கேட்கும். அது உள்ளுணர்வாகப் போட்டது, மக்களுக்குச் சட்டமாகச் சொல்ல வந்தது நபிமார்களுக்கு மட்டும் என்று பிரித்துக் காட்டுங்கள். கனவில் எனக்கு இப்படி வந்தது என்று மார்க்கம் சொல்ல யாராவது கிளம்பினால் அவரை நம்ப வேண்டியதில்லை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. நல்ல கனவு நபித்துவத்தின் 46 பாகங்களில் ஒன்று என்று ஹதீஸ் உண்டு, ஆனால் அதிலிருந்து ஹலால் ஹராம் பிறக்காது.

வஹீ முடிந்துவிட்டது என்பதற்கு நான் ஆதாரப் பட்டியல் வாசிப்பதில்லை. உம்மு அய்மன் (ரலி) கதையைச் சொல்கிறேன். நாயகத்தைச் சின்ன வயதில் வளர்த்தவர். நாயகம் மறைந்த பிறகு அபூபக்ரும் உமரும் (ரலி) அவரைப் பார்க்கப் போனார்கள். அழுதார். அல்லாஹ்விடம் இருப்பது ரசூலுக்கு மேலானது அல்லவா என்று தேற்றினார்கள். அது எனக்குத் தெரியாமல் அழவில்லை, வானத்திலிருந்து வஹீ நின்றுபோனதே என்றுதான் அழுகிறேன் என்றார். அவர்கள் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

வேதங்களும் பக்கத்து வீட்டுக் கேள்விகளும்

பெயர்கள் இப்போது தானாக நிற்கும். தவ்ராத் மூஸா நபிக்கு, ஸபூர் தாவூத் நபிக்கு, இன்ஜீல் ஈஸா நபிக்கு, குர்ஆன் நம் நாயகத்துக்கு. இவை தவிர ஸுஹுஃபுகள் என்னும் ஏடுகள். அஃலா ஸூராவின் கடைசி ஆயத்தை எல்லாப் பிள்ளைகளும் ஓதும், "ஸுஹுஃபி இப்ராஹீம வ மூஸா". அவர்கள் தினம் ஓதுவதிலேயே பாடம் இருப்பதைக் காட்டுங்கள். மொத்தம் 104 வேதம் என்று நம் பழைய பாடப் புத்தகங்களில் இருக்கும், அந்த அறிவிப்பு பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். எண்ணிக்கையை ஒப்பிக்க வைக்காமல், பெயர் சொல்லப்பட்டவற்றைப் பெயரோடு நம்புகிறோம், மற்றவற்றைப் பொதுவாக நம்புகிறோம் என்று சொல்வதே போதும்.

"என் ஃபிரெண்ட் ஜோசப் வச்சிருக்கிற பைபிள்தான் இன்ஜீலா?" இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் எந்த ஹஜ்ரத்தும் தவிர்க்க முடியாது. ஈஸா நபிக்கு அல்லாஹ் கொடுத்ததை நாம் முழுதாக நம்புகிறோம். இன்று கையில் இருப்பதில் மனிதர்களின் கையும் சேர்ந்திருக்கிறது என்பது நம் நம்பிக்கை. அதனால் அதில் உள்ள ஒன்றைக் குர்ஆன் உறுதி செய்தால் ஏற்கிறோம், மறுத்தால் மறுக்கிறோம், குர்ஆன் பேசாததில் வாய் திறப்பதில்லை. வேதக்காரர்கள் சொல்வதை உண்மையென்றும் சொல்லாதீர்கள், பொய்யென்றும் சொல்லாதீர்கள், எங்களுக்கும் உங்களுக்கும் இறக்கப்பட்டதை நம்புகிறோம் என்று சொல்லுங்கள் என்பது புகாரியில் வரும் நபிமொழி. குர்ஆனை மாயிதா 48 "முஹைமின்" என்று சொல்வதும் இதைத்தான், முந்தைய வேதங்களை மெய்ப்பித்து அவற்றுக்குக் காவலாக நிற்பது. ஜோசப்போடு வாதம் பண்ணத் தேவையில்லை, அவன் புத்தகத்தைக் கேலி பண்ணவே கூடாது.

அடுத்த கேள்வி பகவத் கீதையைப் பற்றி இருக்கும். எச்சரிக்கை செய்பவர் வராத சமுதாயமே இல்லை என்கிறது ஃபாதிர் 24. உமக்கு நாம் சொல்லாத தூதர்களும் உண்டு என்கிறது ஃகாஃபிர் 78. குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட நபிமார்கள் 25 பேர். பெயர் சொல்லப்படாததை இதுதான் என்று நாம் அடித்துச் சொல்வதில்லை. இந்த அளவில் விட்டுவிடுங்கள். இதற்கு மேல் இழுத்தால் பாடம் பட்டிமன்றமாகிவிடும்.

கையில் இருக்கும் முஸ்ஹஃப்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தப் பகுதி. நாயகம் மறைந்தபோது குர்ஆன் முழுதும் எழுதப்பட்டிருந்தது, ஆனால் ஒரே கட்டாக இல்லை. பேரீச்ச மட்டை, தட்டையான கல், தோள்பட்டை எலும்பு, தோல், இவற்றோடு மனிதர்களின் நெஞ்சு. யமாமா போரில் குர்ஆன் மனனம் செய்த பலர் ஷஹீதானதும் (உயிர்த்தியாகம் செய்ததும்) உமர் (ரலி), ஒன்று திரட்ட வேண்டும் என்றார்கள். ரசூலுல்லாஹ் செய்யாததை நான் எப்படிச் செய்வேன் என்று தயங்கினார்கள் அப்போது கலீஃபாவாக (ஆட்சித் தலைவராக) இருந்த அபூபக்ர் (ரலி). பிறகு அந்த வேலையை ஒப்படைத்தது அதே ஸைத் இப்னு ஸாபிதிடம், இருபதைத் தாண்டிய இளைஞர். ஒரு மலையைத் தூக்கி வைக்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்றார்கள் ஸைத். தொடை நொறுங்கும் கனத்தை உணர்ந்தவர் சொல்வது என்பதால் பிள்ளைகளுக்கு இது சட்டென்று உறைக்கும்.

அந்தப் பிரதி அபூபக்ரிடம், பிறகு உமரிடம், பிறகு அவர் மகளும் நாயகத்தின் துணைவியுமான ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம். அர்மீனியா, அஸர்பைஜான் போர்முனையில் ஓதுவதில் மக்கள் சண்டை போடுவதைப் பார்த்து வந்து ஹுதைஃபா (ரலி) எச்சரிக்க, அப்போதைய கலீஃபா உஸ்மான் (ரலி) ஹஃப்ஸாவிடமிருந்து அந்தப் பிரதியை வாங்கி, ஸைத் உள்ளிட்ட நால்வரைக் கொண்டு பிரதிகள் எடுத்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். செல்போனில் யாரோ அரைகுறையாகச் சொல்லி முதன்முதலாகக் கேட்பதைவிட உங்கள் பாயில் உட்கார்ந்து கேட்பது நல்லது.

அல்லாஹ் சொன்னதாக நாயகம் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸீயை ஒரு வரியில் முடித்துவிடலாம்: கருத்து அல்லாஹ்வுடையது, தொழுகையில் ஓதுவதில்லை, குர்ஆனில் சேராது.

கேட்டுப் பார்ப்பது

"நான்கு மலக்குகளின் பெயர் சொல்" என்று கேட்காதீர்கள். "நிஸா 95 முதலில் எப்படி இருந்தது, யார் வந்த பிறகு மாறியது?" என்று கேளுங்கள். "இப்ராஹீம் நபி ஏன் பயந்தார்கள்?" "வரகா ஏன் மூஸா நபி பெயரை எடுத்தார்?" "ஜிப்ரீல் ரமலானில் வந்து என்ன செய்தார்?" காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பெயர் தானாக வந்துவிடும். பதில் தப்பாக வந்தால் கதையின் அந்த இடத்தை மட்டும் மறுபடி சொன்னால் போதும், முழுப் பாடமும் வேண்டாம். ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளிடம் ஒளி, காவல் மலக்கு, ஹிரா, நான்கு வேதத்தின் பெயர், இவ்வளவுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

முடித்ததும் கத்ர் ஸூராவைக் கொடுங்கள். எல்லாரும் தொழுகையில் ஓதுவதுதான், ஐந்தே ஆயத்து. "இன்னா அன்ஸல்னாஹு" என்பதில் இறக்கப்பட்டது எது, இறக்கியவன் யார் என்று கேளுங்கள். "தனஸ்ஸலுல் மலாஇகது வர்ரூஹு" என்ற இடத்தில் நிறுத்தி, மலக்குகள் எல்லாரையும் சொல்லிவிட்டு ரூஹ் என்று தனியாகச் சொல்லப்படுபவர் யாராக இருக்கும் என்று யோசிக்க விடுங்கள். பெரும்பாலான முஃபஸ்ஸிர்கள் (குர்ஆன் விரிவுரையாளர்கள்) ஜிப்ரீல் (அலை) என்கிறார்கள். அதைப் பிள்ளைகளே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.